கடைக்காரரின் கேள்வி

1895ஆம் ஆண்டில், உழவுக் கருவிகளைச் செய்து விற்ற அமெரிக்காவின் ஜான் டீர் நிறுவனம் ‘தி ஃபர்ரோ’ என்னும் இதழைத் தொடங்கியது. அப்பெயருக்கு உழுசால் என்பது பொருள். விவசாயிகளுக்குப் பயன்படும் செய்திகளைத் தாங்கி வந்த அவ்விதழ் இன்றும் வெளிவருகிறது. ‘எங்கள் பொருளை வாங்குங்கள்’ என்று கூவாமல், மக்களுக்குத் தேவையானதைச் சொல்லி அவர்களின் நம்பிக்கையைப் பெறும் இம்முறையை இன்று உள்ளடக்கச் சந்தைப்படுத்தல் என்பர்.

இக்காலத்தில் இத்தகைய எழுத்தை மிகுதியாக நாடுபவை தொழில்நுட்ப நிறுவனங்கள்தாம். ஆனால், கட்டுரை எழுதுவதற்கென்றே நிலையான ஊழியர்களை வைத்துக்கொள்ள எல்லா நிறுவனங்களாலும் இயலாது. ஆகவே, ஒவ்வொரு கட்டுரைக்கும் ஊதியம் பெற்று எழுதும் ஃபிரீலான்ஸ் எழுத்தாளர்களை அவை நாடுகின்றன. பெரும்பாலும் இவர்களின் பெயர் கட்டுரையில் இடம்பெறுவதில்லை.

மலேசியாவில் கணக்கியல் மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனம், இ-இன்வாய்ஸ் எனப்படும் மின்னியல் விலைப்பட்டியலைப் பற்றிக் கட்டுரை கேட்பதாகக் கொள்ளலாம். 2024 ஆகஸ்டு மாதம், ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களில் தொடங்கிய இத்திட்டம் படிப்படியாக மற்ற வணிகங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. மென்பொருள் நிறுவனம் எழுத்தாளருக்கு அனுப்பும் குறிப்புகளில் மேகக் கணிமை, தரவு ஒருங்கிணைப்பு, தானியங்கிச் சரிபார்ப்பு போன்ற சொற்கள் நிறைந்திருக்கும். அவற்றை அப்படியே அடுக்கி எழுதினால் கட்டுரை முடிந்துவிடும். படிப்பவர்தாம் இருக்கமாட்டார்.

பழகிய எழுத்தாளர் முதலில் தம் வட்டாரத்திலுள்ள கடைக்காரர் ஒருவரிடம் செல்வார். அவரோ மேகக் கணிமையைப் பற்றிக் கேட்கமாட்டார். “காலையில் ரொட்டி வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் அடையாள அட்டை எண்ணைக் கேட்க வேண்டுமா?” என்பதே அவருடைய கவலையாக இருக்கும். கட்டுரை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். தனி மின்விலைப்பட்டியல் கேட்காத வாடிக்கையாளர்களின் சில்லறை விற்பனையை ஒன்றாகத் திரட்டி, மாதம் முடிந்து 7 நாள்களுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்திற்கு அனுப்ப விதிகள் இடமளிக்கின்றன. இந்த ஒரு செய்தியே கடைக்காரரின் பாதிச் சுமையை இறக்கிவிடும்.

பொருளின் இயல்பை மக்களின் மொழிக்கு மாற்றியதற்கு ஆப்பிள் நிறுவனம் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐபாட் கருவி நல்ல சான்றாகும். அதன் கொள்ளளவு 5 ஜிகாபைட். ஆனால், விளம்பரம் முன்னிறுத்தியது அந்த எண்ணையன்று. 1,000 பாடல்களைச் சட்டைப்பையில் எடுத்துச் செல்லலாம் என்பதையே. ஜிகாபைட் என்றால் என்னவென்று அறியாதவருக்கும் அது விளங்கிற்று.

எளிமையாக எழுதுவதைவிடக் கடினமான வேலை ஒன்று உண்டு. மின்விலைப்பட்டியல் அனுப்புவதற்கென வருமான வரி வாரியமே ‘மைஇன்வாய்ஸ்’ என்னும் இணையத்தளத்தை இலவசமாக வழங்குகிறது. மென்பொருள் விற்கும் நிறுவனத்தின் கட்டுரையில் இதைச் சொல்லலாமா? சந்தைப்படுத்தும் அதிகாரி வேண்டாம் என்று சொல்லக்கூடும். ‘இன்றே வாங்காவிட்டால் அபராதம்’ என்னும் தலைப்பைக்கூட அவர் விரும்பலாம். ஊதியம் தருபவர் அவரே என்பதால் மறுப்பது எளிதன்று. கட்டுரையில் பெயரே வராத எழுத்தாளருக்கு, பேசாமல் இருந்துவிடலாம் என்ற எண்ணமும் தோன்றும்.

ஆயினும், இலவச வழி இருப்பதைக் கடைக்காரர் என்றாவது அறிந்துகொள்வார். அன்றே அந்நிறுவனத்தின்மீது அவர் வைத்த நம்பிக்கை போய்விடும். ஆகவே, எழுத்தாளர் அதிகாரியிடம் வேறொரு வழியை முன்வைக்கலாம். மாதத்திற்குச் சில விலைப்பட்டியல்களே அனுப்புபவருக்கு அரசாங்கத்தின் தளமே போதும் என்று கட்டுரை வெளிப்படையாகச் சொல்லலாம். விற்பனை பெருகி, விவரங்களை மீண்டும் மீண்டும் பதிவிடுவது சுமையாகும்போது, கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பும் மென்பொருள் எவ்வாறு உதவும் என்பதை அதன்பின் விளக்கலாம். நிறுவனத்திற்கு உண்மையில் தேவைப்படும் வாடிக்கையாளர் இந்த இரண்டாம் வகையினர்தாமே!

ஊதியம், திருத்தங்களின் எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள் ஆகியவற்றை வேலை தொடங்குமுன் எழுத்து வடிவில் முடிவுசெய்துகொள்வது வழக்கம். முதலாளியின் சேமநிதிப் பங்களிப்பு ஃபிரீலான்ஸ் எழுத்தாளர்களுக்குக் கிடையாது. அவர்கள் தாமாகவே ஊழியர் சேமநிதி வாரியத்தில் சேமித்துவர வேண்டும்.

கட்டுரையை ஒப்படைக்குமுன் எழுத்தாளர் மீண்டும் அதே கடைக்குச் செல்கிறார். கடைக்காரர் படிக்கும்போது அவர் முகத்தையே கவனிக்கிறார். மூன்றாம் பத்தியில் கடைக்காரரின் புருவம் சுருங்குகிறது. எழுத்தாளர் பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தை அடிக்கோடிடுகிறார்.