பொந்துக்குள் ஒரு குடும்பம்

நம்பிக்கை: தேன்கூடு என்றால் பாறையிலோ கிளையிலோ தொங்கும். தொங்கவில்லை என்றால் அங்கே கூடு இல்லை.

உண்மை: மலைத்தேனீயின் அடையைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும். இங்கே பேசப்போவது மத்தியதரைக் கடல் நாடுகளின் தேனீயைப் பற்றி; அது வேறு இனம். நம் ஊரில் பெட்டியில் வளர்க்கும் இத்தாலியத் தேனீ அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். வெட்டவெளியில் அது அடை கட்டுவது அபூர்வம். ஆலிவ் மரப் பொந்து, பாறைப் பிளவு, கைவிடப்பட்ட வீட்டுச் சுவர் என்று இருட்டான இடமாகத் தேடிப் போகும். உள்ளே அடுத்தடுத்து அடைகள். வெளியே நமக்குத் தெரிவது ஓர் ஓட்டை மட்டும்.

ஸ்பெயினின் வலென்சியா பகுதியில், பிகோர்ப் ஊர்க் குகை ஒன்றில் ஏறத்தாழ 8,000 ஆண்டுப் பழமையானதாகக் கருதப்படும் ஓவியம் இருக்கிறது. கயிற்றைப் பிடித்து ஏறிய ஒருவர் பொந்தில் தேன் எடுக்கிறார்; சுற்றிலும் தேனீக்கள். பொந்தை மட்டும் ஓவியர் வரையவில்லை. பாறையில் தானாக இருந்த குழியையே கூடாக்கிவிட்டார். மால்டாவில் ஷெம்ஷியா நடைபாதையிலும் பழங்காலத் தேனீக்கூடம் ஒன்றைப் பார்க்கலாம். கற்சுவரில் சிறு துளைகள், அவற்றின் பின்னால் மண்ஜாடி வைக்க இடம். தேனீ விரும்பும் பொந்தை மனிதர்களே கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டில் உயிர் இருக்கிறதா என்று அறிய, பறக்கும் வழியை மறிக்காமல் சில மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று கவனியுங்கள். தேனீக்கள் நடந்து நடந்தும் பிசின் பூசியும் ஓட்டையின் விளிம்பு வழவழவென்று பழுப்பேறியிருக்கும். பின்னங்கால்களில் மஞ்சளும் ஆரஞ்சுமாக மகரந்த உருண்டைகளோடு அவை தொடர்ந்து நுழைந்தால், உள்ளே புழுக்களை வளர்க்கும் குடும்பம் இருக்கிறது. மகரந்தமே வராமல் வாசலில் முட்டி மோதிக்கொண்டிருந்தால், செத்த கூட்டின் தேனைத் திருட வந்தவையாக இருக்கலாம், புது வீடு பார்க்க வந்தவையாகவும் இருக்கலாம்.

நம்பிக்கை: கிளையில் கொத்தாக மொய்த்திருக்கும் தேனீக்கள் தாக்கத் தயாராகின்றன.

உண்மை: இல்லை. வசந்தத்தில் குடும்பம் பெருகிப் பிரியும்போது பழைய ராணியோடு வெளியேறிய கூட்டம் அது. காவல் காக்க அங்கே தேனும் இல்லை, புழுவும் இல்லை. பொந்து கிடைத்ததும், சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ, கிளம்பிவிடும். தொந்தரவு செய்யாமல் கடந்து போனால் போதும்.

நம்பிக்கை: துரத்தினால் தண்ணீரில் குதிக்க வேண்டும்.

உண்மை: நீங்கள் தலை தூக்கும்வரை அவை மேலேயே சுற்றும். முகத்தை மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள்; வண்டியோ கட்டடமோ இருந்தால் உள்ளே போய்க் கதவை மூடுங்கள். கொட்டிய இடத்தில் எழும் வாடை, பழுத்த வாழைப்பழ வாசனையை ஒத்தது, மற்ற தேனீக்களையும் அழைக்கும். தோலில் தங்கிய கொடுக்கு நஞ்சை இறக்கிக்கொண்டே இருக்கும். சுரண்டியோ கிள்ளியோ, எப்படியானாலும் உடனே எடுங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்காமல் 112ஐ அழையுங்கள்.

நம்பிக்கை: காட்டில் தேனீக்கள் அழிந்துவிட்டன. இருப்பவை பெட்டியிலிருந்து தப்பியவை. கூட்டை அழித்தால் நட்டமில்லை.

உண்மை: மற்ற எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது இந்த நம்பிக்கைதான். ஆசியாவிலிருந்து வந்த வரோவா உண்ணி 1970களில் ஐரோப்பாவில் பரவத் தொடங்கியது. அதன்பின் பொந்துகளில் வாழ்ந்த குடும்பங்கள் பெருமளவில் மாண்டன என்பது மெய். ஆனால் முறையாக எண்ணிப் பார்க்காமலேயே முற்றிலும் ஒழிந்தன என்று முடிவுகட்டிவிட்டார்கள். 2014இல் ஐரோப்பியத் தேனீக்களின் சிவப்புப் பட்டியல் வந்தபோது, இந்த இனத்துக்கு நேரே 'போதிய தரவு இல்லை' என்றுதான் எழுத முடிந்தது.

ஸ்பெயினின் வடமேற்கே கலீசியாவில் உள்ளீடற்ற மின்கம்பங்களுக்குள் தேனீக்கள் வாழ்வதை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். சுற்றிலும் புதர்க்காடு போன்ற இயற்கை நிலம் அதிகமிருந்த கூடுகளே குளிர்காலத்தைக் கூடுதலாகத் தாண்டின என்று 2022இல் எழுதினார்கள். அது அட்லாண்டிக் ஓரம். ஆனாலும் ரோஸ்மேரியும் தைமும் மண்டிய மத்தியதரைப் புதர்நிலங்களை ஏன் விட்டுவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. பெட்டியிலிருந்து வந்ததாகவே இருக்கட்டும். மருந்தும் சர்க்கரைப் பாகும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் பிழைத்திருக்கும் குடும்பத்தின் மதிப்பு அதனால் குறைந்துவிடாது.

நடைபாதையில் இப்படியொரு பொந்தைக் கண்டால் குச்சியால் குத்தாதீர்கள், கல்லால் அடைக்காதீர்கள். தள்ளி நின்று படமெடுத்து, இடத்தையும் தேதியையும் குறித்து, அந்த ஊர்த் தேனீ வளர்ப்போர் சங்கத்துக்கோ இயற்கை ஆர்வலர் குழுவுக்கோ தெரிவியுங்கள். அதே பொந்தில் அடுத்த வசந்தத்திலும் மகரந்தம் போகிறதா என்று பார்க்க அவர்களுக்கு அந்தக் குறிப்பு வேண்டும்.