பானெட்டைத் தாங்கும் ஸ்ட்ரட்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

தூக்கிய பானெட் விழாமல் நிற்பதற்குச் சில கார்களில் முட்டுக்கம்பி உண்டு. மற்றவற்றில் கேஸ் ஸ்ட்ரட் அந்த வேலையைச் செய்கிறது. பட்டறைகளில் அதைப் பானெட் ஷாக் என்பார்கள். கார் பழசாகும்போது அது தளரும். பானெட் பாதியிலேயே நின்றுவிடும், அல்லது முழுக்கத் தூக்கிய பிறகு மெல்ல இறங்கத் தொடங்கும். இந்த நிலையில்தான் பலவிதமான யோசனைகள் வந்து சேர்கின்றன.

அவற்றில் முதலாவது, “உள்ளே எண்ணெய் வற்றிவிட்டது, தண்டில் கிரீஸ் தடவினால் சரியாகும்” என்பது. ஸ்ட்ரட்டுக்குள் எண்ணெய் கொஞ்சம் இருப்பது உண்மை. அது சீலை ஈரமாக வைக்கவும், தண்டு முழுதாக நீளும் கடைசிக் கட்டத்தில் வேகத்தைக் குறைக்கவும் மட்டுமே. பாரத்தைத் தாங்குவது நைட்ரஜன் வாயு. பிஸ்டனில் சிறு துளை இருப்பதால் அதன் இருபுறமும் ஒரே அழுத்தம்தான். ஆனால் ஒரு பக்கத்தில் தண்டு இடத்தை அடைத்துக்கொள்வதால் அந்தப் பரப்பளவுக்கு ஏற்ற விசை தண்டை வெளியே தள்ளுகிறது. 8 மி.மீ. தண்டின் குறுக்குப் பரப்பு சுமார் அரைச் சதுர சென்டிமீட்டர். அது 400 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 40 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தர வேண்டுமென்றால் உள்ளே 80 பார் அழுத்தம் வேண்டும். கார் டயரில் இருப்பது 2.2 பார் அளவுதான். இவ்வளவு அழுத்தத்தை ஆண்டுக்கணக்கில் அடைத்து வைத்திருப்பது ஒரு சிறிய சீல். அது தேய்ந்தால் வாயு கசியும். வெளியே தடவும் கிரீஸ் போன வாயுவைத் திரும்பக் கொண்டுவராது, தூசியைத்தான் சேர்க்கும். தண்டில் எண்ணெய்ப் படலம் தெரிந்தால் சீல் போய்விட்டது என்று கொள்ளலாம்.

“துளை போட்டு மறுபடி கேஸ் நிரப்பலாம்” என்பதும் இதே வகை. தொழிற்சாலைகளுக்கான சில ஸ்ட்ரட்டுகளில் வால்வு உண்டு. கார்களில் வருபவை பொதுவாக வால்வு இல்லாமல் நிரந்தரமாக மூடப்பட்டவை. அழுத்தம் நிறைந்த குழலில் துளையிடுவது உயிரோடு விளையாடுவது.

“மதியம் நன்றாக நிற்கிறது, காலையில்தான் இறங்குகிறது, ஆகவே கோளாறு இல்லை” என்று சிலர் ஆறுதல் கொள்வதுண்டு. குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும்: பத்து டிகிரிக்குச் சுமார் 3.4 சதவீதம். 38 டிகிரிச் சமவெளியில் நின்ற பானெட், 8 டிகிரி ஊட்டிக் காலையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு ஆதரவை இழந்திருக்கும். நல்ல ஸ்ட்ரட் அதையும் சமாளிக்கும். சமாளிக்க முடியாதது ஏற்கெனவே எல்லையைத் தொட்டுவிட்டது.

“விசை கூடுதலாக உள்ளதைப் போட்டால் நீடித்து உழைக்கும்” என்பதும் தவறு. குழலின் மேல் அச்சிட்ட நியூட்டன் எண் அந்தப் பானெட்டின் எடையையும் கீல் அமைந்த இடத்தையும் கணக்கிட்டுத் தீர்மானித்தது. மிகையான விசை கீலை வளைக்கும், மூடும்போது தகட்டை நெளிக்கும். இரண்டு ஸ்ட்ரட் உள்ள காரில் ஒன்றை மட்டும் மாற்றினால் பானெட் கோணலாக இழுபடும். ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது தண்டில் பூட்டும் பிளையரைக் கடித்து வைத்து முட்டுக் கொடுப்பது. பிளையர் வழுக்கினால் பானெட் தலையில் இறங்கும். வழுக்காவிட்டாலும் அதன் பல் தண்டில் கீறலிடும், கீறல் சீலை அறுக்கும். புதிய ஸ்ட்ரட் வரும்வரை உறுதியான கட்டையோ உடன் ஒருவரோ வேண்டும். இது மிகையான எச்சரிக்கை அல்ல. ஸ்ட்ரட்டுகள் முன்கூட்டியே தேய்ந்து பின்கதவு ஆட்கள்மீது விழக்கூடும் என்பதால், 2015-இல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 7.8 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது.

மாற்றும் வேலை பலரும் நினைப்பதைவிட எளிது. பானெட்டை ஒருவர் தாங்கிப் பிடிக்க, முனையில் உள்ள கிளிப்பைச் சிறு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் ஸ்ட்ரட் உருண்டைத் திருகிலிருந்து கழன்றுவிடும். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். புதியதைக் கையால் அழுத்திச் சுருக்க முடியவில்லை என்று கடையில் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அது இறுகிப்போகவில்லை, அதன் பலமே அதுதான். பானெட்டை முழுக்கத் திறந்து, நீண்ட நிலையிலேயே மாட்ட வேண்டும். மூடிய நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி வடிவமைத்திருந்தால் அந்தத் திசை மாறக்கூடாது. அப்போதுதான் எண்ணெய் சீலின்மேல் தங்கும்.

கழற்றிய பழைய ஸ்ட்ரட்டில் அழுத்தமே இல்லை என்று எண்ணுவதும் பிழை. பானெட்டைத் தாங்க முடியாத ஸ்ட்ரட்டிலும் பல டயர்களுக்கு நிகரான அழுத்தம் மிஞ்சியிருக்கலாம். அதை அறுக்கவோ தீயில் போடவோ கூடாது. பழைய இரும்புக் கடையில் கொடுக்கும்போது உள்ளே அழுத்தமுள்ள வாயு இருப்பதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.