கோப்பிலேயே கிடந்த ஈசிஜி

"பம்பிங் எத்தனை?" என்று கேட்பவர்களைக் கண்டால் அவருக்கு எரிச்சல் வரும். திருச்சி உறையூர்க்காரர், தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இதயம் பலவீனம் என்று யார் வந்து உட்கார்ந்தாலும் எக்கோ ரிப்போர்ட்டை ஒதுக்கிவிட்டு, "ஈசிஜியை எடுங்க, க்யூஆர்எஸ் எவ்வளவுன்னு பாருங்க" என்கிறார். இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு கோபம் இருக்கிறது. அது இன்னும் ஆறவில்லை.

பம்பிங் என்று நாம் சொல்வது ஈஎஃப் எனப்படும் கணக்கை. இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஒரு துடிப்பில் வெளியேறுகிறது என்பதே அது. நல்ல இதயமும் முழுவதையும் வெளியேற்றிவிடாது. 55 முதல் 70 வரை இருந்தால் இயல்பு. 40 அல்லது அதற்குக் கீழே என்றால், பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்பு. அவருக்கு வந்தது 27.

அதற்கு முந்தைய கதை பலருக்கும் தெரிந்ததுதான். மாடிப்படியில் மூச்சு வாங்கியது, கணுக்கால் வீங்கியது, தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம். வயது, எடை, வீசிங் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை. மாத்திரைகள் ஆரம்பமாயின.

அடுத்து நடந்ததைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார். முதலில் பார்த்த தனியார் மருத்துவமனையில், "இதயத் தசை தளர்ந்துபோச்சும்மா, மாத்திரையிலேயே ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். போகும்போதெல்லாம் எக்கோ எடுத்தார்கள், எண்ணை வட்டமிட்டார்கள். கூடவே எடுத்த ஈசிஜி கோப்பில் சேர்ந்துகொண்டே போனது. அந்தத் தாள்களின் மேலே இயந்திரமே அச்சடித்திருந்தது: எல்பிபிபி, க்யூஆர்எஸ் 168 மில்லிசெகண்ட். சென்னையில் மகள் கூட்டிப்போன இடத்தில்தான் ஓர் இளம் மருத்துவர் அதைப் படித்தார். "மெஷின் கத்திக்கிட்டே இருந்திருக்கு, மனுஷங்க காதுல விழல" என்பது உறையூர்க்காரரின் தீர்ப்பு.

எல்பிபிபி என்றால், இடது கீழறைக்கு மின்துடிப்பைக் கொண்டுபோகும் கிளையில் தடை. இயல்பான இதயத்தில் இரண்டு கீழறைகளிலும் மின்துடிப்பு பரவும் நேரம், அதாவது க்யூஆர்எஸ், 100 மில்லிசெகண்டை ஒட்டியே இருக்கும். இடது கிளை தடைபட்டால், வலப்பக்கத்திலிருந்து தசை வழியாக அது மெதுவாக ஊர்ந்து வர வேண்டும். நடுச்சுவர் முதலில் சுருங்கிவிடும். வெளிச்சுவர் சுருங்கும் நேரத்தில் நடுச்சுவர் தளரத் தொடங்கியிருக்கும். நனைந்த புடவையை இருவர் பிழியும்போது ஒருவர் பிந்தி முறுக்கினால் தண்ணீர் துணியிலேயே நின்றுவிடும் அல்லவா, அந்த நிலைதான். நாளடைவில் அறையும் விரிந்துகொண்டே போகும்.

இந்தத் தாளப்பிசகைச் சரிசெய்வதுதான் சிஆர்டி. 1994இல் பிரான்சில் செர்ஜ் காசோ குழுவினர் இதயத்தின் நான்கு அறைகளையும் மின்துடிப்பால் இயக்கிய ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அங்கிருந்து வளர்ந்த சிகிச்சை இது. இடது காறை எலும்புக்குக் கீழே சிறிய பெட்டி. ஒரு கம்பி வலது மேலறைக்கு, ஒன்று வலது கீழறைக்கு, மூன்றாவது இதயத்தின் பின்புறச் சிரை வழியாக இடது கீழறையின் வெளிச்சுவருக்கு. இரு சுவர்களும் ஒரே நேரத்தில் தூண்டப்படும்.

வீட்டில் எதிர்த்தவர் கொழுந்தனார். "அண்ணி, நாடி நல்லாத்தானே ஓடுது? பேஸ்மேக்கர் துடிப்பு குறைஞ்சவங்களுக்கு வைக்கிறது. காசு பறிக்கிறாங்க." சாதாரண பேஸ்மேக்கருக்கு அவர் சொன்னது சரி, சிஆர்டி வைப்பது வேகத்துக்காக அல்ல. 2005இல் வெளிவந்த கேர்-எச்எஃப் ஆய்வில் 813 பேரைச் சராசரியாக 29 மாதங்கள் கவனித்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 30 சதவீதம் பேர் இறந்தார்கள். சிஆர்டியும் சேர்ந்தவர்களில் 20 சதவீதம். இந்தக் கணக்கைக் கொழுந்தனாருக்கு அவர் எல்லாக் கல்யாண வீட்டிலும் ஒப்பிக்கிறார்.

பெட்டி வைத்து ஓராண்டுக்குள் ஈஎஃப் 46. வெக்காளியம்மன் கோயிலுக்கு நடந்தே போய்வருகிறார். அகலமான எல்பிபிபி உள்ளவர்கள், ரத்தக்குழாய் அடைப்பு இல்லாதவர்கள், பெண்கள் ஆகியோருக்கு இந்தச் சிகிச்சை கூடுதலாகப் பலன் தருகிறது. அவர் மூன்றிலும் அடங்குபவர். ஆனால் அதை அவர் சொல்வதில்லை. மூன்றில் ஒருவருக்கு எதிர்பார்த்த பலன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்வதில்லை.

க்யூஆர்எஸ் 110 உள்ள பக்கத்து வீட்டுக்காரரையும் பெட்டி வைக்கச் சொல்லி அனுப்பினார். மருத்துவர் மறுத்தார், மறுத்ததுதான் சரி. 130க்குக் குறைவானவர்களிடம் நடத்திய எக்கோ-சிஆர்டி ஆய்வு 2013இல் பாதியில் நிறுத்தப்பட்டது. சிகிச்சை கிடைத்தவர்களிடையே மரணம் கூடியிருந்தது. மருந்தை மூன்று மாதமாவது முறையாக எடுத்தும் ஈஎஃப் 35ஐத் தாண்டாமல், எல்பிபிபியோடு க்யூஆர்எஸ் 150ம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்குத்தான் பரிந்துரை வலுவானது.

அவருடைய மற்ற யோசனைகள் நம்பகமானவை. முதல் சில வாரங்கள் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. செல்போனைச் சட்டைப்பையில் வைக்காமல் வலது காதில் வைத்துப் பேச வேண்டும். விக்கல்போல வயிறு துள்ளினால் உடனே போய்ச் சொல்ல வேண்டும். உதரவிதான நரம்பு தூண்டப்படுகிறது, பெரும்பாலும் கணினி வழியே அமைப்பை மாற்றினாலே சரியாகிவிடும். பரிசோதனையில் "இரண்டு பக்கமும் எத்தனை சதவீதத் துடிப்பு தூண்டப்படுது?" என்று கேட்க வேண்டும், 98க்கு மேல் இருப்பது நல்லது. மாத்திரைகளை நிறுத்தவே கூடாது. இன்னொரு மருத்துவரிடமும் காட்ட வேண்டும்: "சென்னைக்குப் போங்க, பொண்ணு வீட்ல தங்கிக்கலாம்." எல்லோருக்கும் சென்னையில் மகள் இருக்கிறாள் என்பது அவர் நினைப்பு.

இப்போது புதுச் சங்கடம் ஒன்று. நடுச்சுவருக்குள் கம்பியைத் திருகி இடது கிளையையே நேரடியாகத் தூண்டும் முறை 2017இல் சீனாவின் வென்ஜோவிலிருந்து வெளியுலகுக்குத் தெரியவந்தது. மதுரை மருத்துவர்களும் அதுபற்றி ஆய்வுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். சிரை வழிக் கம்பி தேவைப்படாதபோது செலவும் குறையும். செய்தியைக் கொண்டுவந்தவர் கொழுந்தனார். "அப்பவே சொன்னேன்ல அண்ணி, காசு அதிகம்னு." அண்ணி பதில் பேசவில்லை. மாடி ஏறி வந்த கொழுந்தனாருக்கு மூச்சு வாங்குவதைக் கவனித்து, மறுநாள் காலையிலேயே ஈசிஜி எடுக்க அனுப்பிவைத்தார்.