பிரபுவுக்கு, தொட்டி விஷயமாக

கொளத்தூர்

அன்புள்ள பிரபுவுக்கு,

பெரியம்மா எழுதுவது. ஆவணியில் கோயம்புத்தூரில் பால் காய்ச்சப் போகிறீர்கள் என்று உன் அம்மா சொன்னாள். ரொம்ப சந்தோஷம். மீன் தொட்டியையும் வீட்டுச் சாமானோடு அதே நாளில் ஏற்றிவிடப் போகிறாய் என்றும் சொன்னாள். அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரி பெரியம்மா, சரி பெரியம்மா" என்பாய், பாதி காதில் ஏறாது. எழுத்தில் இருந்தால் அன்றைக்கு எடுத்துப் பார்த்துக்கொள்வாய்.

வீடு மாறும் நாளும் மீன் மாறும் நாளும் ஒன்றாக இருக்கவே கூடாது. அன்றைக்கு உனக்கு கேஸ் சிலிண்டர், பீரோ சாவி, லாரிக்காரர் பேரம் என்று ஆயிரம் இருக்கும். கடைசியில் மீனை நினைக்கும்போது இருட்டிவிடும், தொட்டி வைக்கிற இடத்தில் கட்டில் நிற்கும். அதனால் நான் சொல்வது இதுதான்: கண்ணாடித் தொட்டி லாரியில் முதலில் போகட்டும். மீனையும் ஃபில்டரையும் கொண்டுவந்து என்னிடம் விடு. என் சிமென்ட் தொட்டி ஒன்றைக் காலி செய்து தருகிறேன். அங்கே எல்லாம் தயாரான பிறகு இரண்டையும் சேர்த்து அழைத்துப் போ.

ஃபில்டரை ஏன் மீனோடு சேர்த்துச் சொல்கிறேன் தெரியுமா? மீன் விடுகிற அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த ஸ்பான்ஜிலும் செராமிக் ரிங்கிலும்தான் குடியிருக்கிறது. தண்ணீரில் அது அநேகமாக இல்லை. பழைய தண்ணீரை கேன் கேனாகச் சுமந்து போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். இடுப்பு ஒடியச் சுமந்துவிட்டு, ஸ்பான்ஜைக் குழாயடியில் பளிச்சென்று கழுவி எடுத்துப் போவார்கள். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும். புது வீட்டில் ஒரு வாரத்துக்குள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வீட்டு ராசி என்பார்கள்.

அந்த பாக்டீரியாவுக்கு ஈரம் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். கேனிஸ்டர் ஃபில்டரை அணைத்து, மூடியபடியே பல மணி நேரம் வைத்தால் உள்ளே கெட்டுப்போகும். திரும்ப ஓட்டினால் அந்த நாற்றத் தண்ணீர்தான் தொட்டிக்குள் பாயும். ஸ்பான்ஜையும் ரிங்கையும் வெளியே எடுத்து, தொட்டித் தண்ணீரில் முங்கும் அளவுக்கு ஒரு பக்கெட்டில் போட்டு, பேட்டரி ஏர் மோட்டார் ஒன்றை ஓடவிட்டு எடுத்து வா.

காலி செய்யும்போது ஹீட்டர் இருந்தால் பிளக்கைப் பிடுங்கி அரைமணி நேரம் கழித்தே தண்ணீரை இறக்கு. சூட்டோடு வெளியே வந்தால் அதன் கண்ணாடி விரிசல் விடும். மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மிஞ்சும்போது மீனைப் பிடி. நிறைந்த தொட்டியில் சில்வர் டாலர் மீனை விரட்டினால் அது கண்ணாடியில் மோதியே சாகும். சக்கர் மீனை மட்டும் வலையில் பிடிக்காதே. துடுப்பின் முள் வலையில் மாட்டினால் பிரிக்க முடியாது. ஒரு டப்பாவைக் காட்டி உள்ளே தள்ளு. கல்லைக் கிளறும்போது அடியில் கிடக்கும் அழுக்கெல்லாம் கிளம்பும், அதனால் மீன் வெளியே போன பிறகுதான் கல்லில் கை வைக்க வேண்டும்.

உன் தொட்டி நாலுக்கு ஒன்றரை, உயரம் இரண்டு அடி. 340 லிட்டர் பிடிக்கும். கல்லும் கண்ணாடியும் ஸ்டாண்டும் சேர்ந்தால் 400 கிலோவைத் தாண்டும். ஆகவே இடத்தை முன்னாலேயே முடிவு செய், பீம் போகும் சுவரை ஒட்டி. உன் மாமனார் ஈசானிய மூலை என்பார். அங்கே காலை வெயில் நேராக விழுந்தால் பாசிதான் வளரும் என்று மரியாதையாகச் சொல்லிப் பார். கேட்கவில்லை என்றால் ஒரு திரை வாங்கிப் போடு, சண்டை வேண்டாம்.

தூக்கும்போது சொட்டுத் தண்ணீர், ஒரு பிடி கல்கூட உள்ளே இருக்கக் கூடாது. மேல் விளிம்பைப் பிடித்துத் தூக்காமல் நாலு பேர் அடியில் கை கொடுக்க வேண்டும். லாரியில் பழைய மெத்தைமேல் நிமிர்த்தி வை. காலித் தொட்டியைக் கண்டால் குக்கரையும் தலையணையையும் அதற்குள் போடத்தான் பார்ப்பார்கள், பக்கத்திலேயே நில். அங்கே போனதும் ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் தர்மாகோல் போட்டு, தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் சும்மா விட்டுவிடு. பயண ஆட்டத்தில் சிலிக்கான் எங்காவது விட்டிருந்தால் மீன் இல்லாதபோதே தெரியட்டும்.

அடுத்தது தண்ணீர். உன் வீட்டில் இத்தனை நாள் ஓடியது உப்பு கலந்த போர் தண்ணீர். அங்கே வருவது சிறுவாணியா, பில்லூரா, போரா என்று விசாரி. சிறுவாணி என்றால் குடிக்க அமிர்தம், ஆனால் உப்புத் தண்ணீரில் வளர்ந்த மீன் திடீரென்று அதில் விழுந்தால் தாங்காது. டிடிஎஸ் மீட்டரில் பார்த்து எனக்கு எண்ணை அனுப்பு. நான் இங்கே நாளுக்குக் கொஞ்சமாக ஆர்.ஓ. தண்ணீர் கலந்து அந்த எண்ணுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். குழாயில் குளோரின் வருமானால் ஆன்டி குளோரின் போட மறக்காதே.

இந்தத் தண்ணீர் வித்தியாசத்தை இங்கேயே சரிசெய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 500 கிலோமீட்டர் பயணத்தில் பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் பி.ஹெச். இறங்கும். அது இறங்கியிருக்கும்வரை, சேர்ந்த அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.ஹெச். ஏறும், அதே அம்மோனியா விஷமாகும். பையைத் திறந்து வைத்து மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் விடுவது பக்கத்துத் தெருவில் மீன் வாங்கியவனுக்குச் சரி. உனக்கு வேண்டாம். கட்டிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு, சூடு ஒன்றானதும் திறந்து, மீனை மட்டும் எடுத்து விடு. பைத் தண்ணீர் சாக்கடைக்கு.

பேக்கிங்கை என்னிடம் விடு, அது என் தொழில். ஆஸ்கர் மீன் பைக்கு ஒன்று, தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் ஆக்சிஜன், இரட்டைப் பை, தர்மாகோல் பெட்டி. சக்கர் பையைக் குத்திவிடும். அது மேலே வந்து காற்றை விழுங்கிக்கொள்ளும் சாதி, மூடி போட்ட பக்கெட்டே போதும். அது இப்போது ஒன்றரை அடி ஆகிவிட்டது என்கிறாய். வேண்டாமென்று பட்டால் என்னிடம் விட்டுப் போ. உக்கடம் குளத்தில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்த மீன் இப்படி விட்டு விட்டே நம் ஊர் நீர்நிலைகளில் பெருகி, வலைக்காரர்களைப் பாடாய்ப் படுத்துகிறது.

போய்ச் சேர்ந்த அன்று விளக்கு போடாதே, இரை போடாதே. ஆஸ்கர் வெளிறிப்போய் மூலையில் சாய்ந்து கிடக்கும். செத்துவிட்டது என்று நடுராத்திரியில் எனக்கு போன் செய்யாதே, அது கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறது. ஒரு வாரம் பாதி இரை போதும். அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கி தினமும் பார், ஏறினால் கால் பங்கு தண்ணீரை மாற்று.

இரவில்தான் கிளம்ப வேண்டும், பகல் வெயில் ஆகாது. காரின் பின் சீட் முழுக்க மீனுக்கு என்று வீட்டில் கவிதாவிடம் இப்போதே சொல்லி வை. எந்த சனிக்கிழமை என்று பத்து நாள் முன்னால் தெரிந்தால் நல்லது, ஆக்சிஜன் சிலிண்டர் நிரப்பி வைக்க வேண்டும், கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே இரையை நிறுத்த வேண்டும்.

அன்புடன்,
பெரியம்மா