விரல்வழித் தமிழ்

தமிழும் தெலுங்கும் ஒருங்கே வழங்கும் எல்லையூர் பொதட்டூர்பேட்டை. அங்கே பார்வையற்ற பிள்ளை ஒன்றுக்குத் தமிழெழுத்தைக் கற்பிப்பது எங்ஙனம்? செவிவழிப் பாடமே போதும் என்பார் உளர். நாம் அதற்கு உடன்படோம். 'மரம்', 'மறம்' இரண்டும் இன்றைய பேச்சில் ஒன்றுபோலவே ஒலிக்கின்றன; எழுத்தைத் தொட்டறியாத பிள்ளை அவற்றைப் பிரித்தெழுதுவது எவ்வாறு?

இளமையிலேயே பார்வையிழந்த பிரெஞ்சுக்காரர் லூயி பிரெயில் (1809-1852) வகுத்த ஆறு புள்ளிகளால் 63 வடிவங்கள் அமையும். அவற்றை இந்திய மொழிகளுக்குப் பொதுவாக்கிய பாரதி பிரெயில் 1951-இல் ஏற்கப்பெற்றது. அதில் தமிழ்க் ககரத்திற்கு 1, 3 ஆம் புள்ளிகள். தெலுங்குக் ககரத்திற்கும் அவையே. (அரபியின் 'காஃப்' எழுத்துக்கும் அவையே. அரபு பிரெயிலும் இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படுகிறது என்பது நம் மாணவர் பலருக்குப் புதுமையாக இருக்கும்.) ஆகவே தமிழ்ப் புள்ளிகளைக் கற்ற எல்லையூர்ப் பிள்ளைக்குத் தெலுங்கில் பாதி வழி கடந்தாயிற்று; தமிழில் இல்லாத வர்க்க எழுத்துகளே பெரிதும் எஞ்சும்.

மற்றொன்று: அச்சில் 'கொ' என்பதன் குறிகள் ககரத்தின் இருபுறமும் நிற்கும். பிரெயிலிலோ முதலில் ககரம், பின்னர் ஒகரம். உயிர்மெய்யில் மெய் முன்னும் உயிர் பின்னும் ஒலிக்கும் என்று நாம் வகுப்பில் விளக்கும் இலக்கணத்தை அப்பிள்ளையின் விரல் முன்னரே அறியும்.

பிரெயில் அறிந்த ஆசிரியரைப் பயிற்றி அமர்த்துமாறு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. தமிழாசிரியராக விழையும் நம் மாணவர் இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. பார்வையுள்ளோர் இப்புள்ளிகளைக் கண்ணாலேயே படித்துப் பழகலாம்.