ஆண்டறிக்கையை மாணவர்கள் எழுதட்டும்

ஆண்டு விழாவில் வாசிக்கப்படும் ஆண்டறிக்கையில் பெற்றோர் கூர்ந்து கேட்கும் பகுதி ஒன்று உண்டு. தேர்ச்சி விழுக்காடும் கட்டட விவரமும் கொடையாளர் பெயர்களும் முடிந்து, ‘மாணவர் சாதனைகள்’ என்று தொடங்கும்போது, தம் பிள்ளையின் பெயர் வருமா என்று காத்திருப்பார்கள். பல பள்ளிகளில் அந்தப் பகுதி ஐந்தாறு வரிகளில் முடிந்துவிடுகிறது. குறுவட்டப் போட்டியில் கபடி முதலிடம், கலைத் திருவிழாவில் வட்டார அளவில் இரண்டாமிடம், நாட்டு நலப்பணித் திட்ட முகாம் சிறப்பாக நடைபெற்றது. அவ்வளவுதான்.

உச்சிப்புளிப் பகுதியில் தமிழாசிரியராகப் பணியாற்றும் நான், சில ஆண்டுகளாக இந்தப் பகுதியை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைக் கொண்டே எழுதச் செய்கிறேன். நேர்காணல், குறிப்பெடுத்தல், தொகுத்தல், அறிக்கை எழுதுதல் எனப் பல மொழித்திறன்கள் இந்த ஒரே செயல்பாட்டில் அடங்கிவிடுகின்றன. அதைவிட முக்கியமான பயன் ஒன்றும் உண்டு. பரிசு பெற்றது மட்டுமே சாதனை என்ற எண்ணம் மாணவர்களிடம் மெல்ல மாறுகிறது.

எது விடுபடுகிறது?

விளையாட்டில் குறுவட்டம், மாவட்டம், மாநிலம் என்று படிகள் உள்ளன. 2022-23ஆம் கல்வியாண்டில் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய கலைத் திருவிழாவும் பள்ளி அளவில் ஆரம்பித்து மாநிலம் வரை செல்கிறது. இவற்றில் இடமும் சான்றிதழும் இருப்பதால் வென்றவரின் பெயர் பதிவாகிறது. ஆனால் கபடி அணியில் 12 பேர் இருந்தால் களத்தில் இறங்குவது 7 பேர். ஆண்டு முழுவதும் காலைப் பயிற்சிக்குத் தவறாமல் வந்த மற்ற 5 பேரை அறிக்கை அறிவதில்லை. சேவைப் பணிகளின் நிலை இன்னும் மோசம். அங்கே முதலிடம், இரண்டாமிடம் என்று எதுவும் இல்லாததால் 50 மாணவர்களின் உழைப்பு ‘சிறப்பாக நடைபெற்றது’ என்ற இரண்டு சொற்களில் கரைந்துவிடுகிறது.

நம் ஊர்ப் பிள்ளைகளின் திறமைகளில் சில இந்தப் படிகளுக்குள் வருவதே இல்லை. கடலில் நீந்தக் கற்ற பிள்ளைகள் இங்கே பலர். 1994இல், 12 வயதில், குற்றாலீசுவரன் நீந்திக் கடந்த பாக் நீரிணை நம் பக்கத்துக் கடல்தான். ஆனால் குளத்தில் நடக்கும் நீச்சல் போட்டிக்குத் தொடக்கப் பாய்ச்சல், சுவரைத் தொட்டுத் திரும்புதல் என்று தனிப் பயிற்சிகள் வேண்டும். ‘இந்த மாணவனுக்கு நன்றாக நீந்தத் தெரியும்’ என்று பள்ளியில் ஒரு குறிப்பாவது இருந்தால்தான், அவனை அந்தப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் யாருக்காவது தோன்றும். பாட்டியிடம் பனையோலைப் பெட்டி முடையக் கற்ற மாணவிக்கும் இது பொருந்தும்.

ஆசிரியரின் கவனிப்பு எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதற்குச் சேலம் மாவட்டத்தின் மாரியப்பன் தங்கவேலு சான்று. ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் சிதைந்த அவர், பள்ளியில் கைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தவர். உயரம் தாண்டிப் பார் என்று ஊக்கியவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். அடுத்த இரு பாராலிம்பிக் போட்டிகளிலும் அவருக்குப் பதக்கம் கிடைத்தது.

வகுப்பறையில் செய்முறை

இதற்கு நான்கு பாடவேளைகள் போதும்.

முதல் பாடவேளை: வகுப்பை விளையாட்டு, கலை, சேவை என மூன்று குழுக்களாகப் பிரிக்கலாம். உடற்கல்வி ஆசிரியரின் பயிற்சிப் பதிவேடு, கலைத் திருவிழாப் பங்கேற்புப் பட்டியல், நாட்டு நலப்பணித் திட்டம், இளையோர் செஞ்சிலுவைச் சங்கம், சாரணர் இயக்கம், பசுமைப்படை ஆகியவற்றின் பதிவேடுகள் ஆகியவற்றிலிருந்து அந்தந்தக் குழு தகவல் திரட்டும். வென்றவர், பங்கேற்றவர், துணை நின்றவர் என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை போதுமானது.

இரண்டாம் பாடவேளை: நேர்காணல். ஒவ்வொரு மாணவரும் பட்டியலில் உள்ள ஒருவரிடம் நான்கு வினாக்கள் கேட்க வேண்டும். என்ன செய்தீர்கள்? எத்தனை நாள்? எது கடினமாக இருந்தது? யார் உதவினார்கள்? நான்காவது வினாதான் பட்டியலில் இல்லாத பெயர்களை வெளியே கொண்டுவரும். விளையாட்டுச் சீருடை இல்லாதவருக்குத் தன்னுடையதைக் கொடுத்தவர், ஒயிலாட்டக் குழுவுக்கு விடுமுறையில் அடவு சொல்லிக்கொடுத்த முன்னாள் மாணவி எனப் பலர் அப்படித்தான் அறிக்கைக்குள் வந்தார்கள்.

மூன்றாம் பாடவேளை: எழுதுதல். இங்கே ஒரே ஒரு விதி: ‘சிறப்பாக’, ‘சீரும் சிறப்புமாக’ போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது. அந்த இடத்தில் ஓர் எண்ணோ ஒரு செயலோ வர வேண்டும். ‘கடற்கரைத் தூய்மைப் பணி சிறப்பாக நடைபெற்றது’ என்று எழுதிய குழுவிடம், ‘எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன கிடைத்தது?’ என்று கேட்டேன். திருத்திய வரி இப்படி வந்தது: ‘25 மாணவர்கள் 3 மணி நேரம் கடற்கரையைத் தூய்மை செய்தோம். அதிகம் கிடைத்தவை அறுந்த வலைத்துண்டுகள்.’ 25ஐ 3ஆல் பெருக்கினால் 75 மணி நேர உழைப்பு என்று கணக்கில் ஆர்வமுள்ள ஒரு மாணவன் சேர்த்தான். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்காவை அடுத்து வாழும் நமக்கு, வலைத்துண்டுகள் என்ற சொல் அறிவியல் வகுப்புக்கும் வழி திறந்தது. கடலில் விடப்பட்ட வலை ஆமைக்கும் பவளப்பாறைக்கும் என்ன செய்கிறது என்பதை அவர்களே தேடிப் படித்தார்கள்.

நான்காம் பாடவேளை: சரிபார்த்தல். எழுதியதை அந்தந்த மாணவரிடமே வாசித்துக் காட்டி ஒப்புதல் பெற வேண்டும். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆகியவை எமிஸ் பதிவில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். சான்றிதழில் தலைப்பெழுத்து மாறியிருந்தால், பின்னாளில் விண்ணப்பிக்கும்போது அலைய வேண்டியிருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கும் நிலையில், ஓர் எழுத்துப் பிழைகூடச் சிறிய செய்தியல்ல.

தொடக்கப் பள்ளியில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு இதை எளிதாக்கலாம். வாரம் ஒரு நாள், ‘இந்த வாரம் நான் பார்த்த நல்ல செயல்’ என்று ஒவ்வொருவரும் மற்றொருவரைப் பற்றி இரண்டு வரி சொன்னால் போதும். தன்னைப் பற்றிச் சொல்லக் கூடாது என்பதே அங்கே விதி. ஆண்டு முடிவில் அந்தக் குறிப்பேடே வகுப்பின் அறிக்கையாகிவிடும்.

கவனிக்க வேண்டியவை

குடும்பச் சூழல், வறுமை, நோய் ஆகியவற்றை மாணவரின் ஒப்புதல் இன்றி எழுதக் கூடாது. ‘ஏழ்மையிலும் சாதித்த மாணவி’ என்று மேடையில் வாசித்தால் கூட்டம் கைதட்டும். அந்த மாணவி தலைகுனிந்து நிற்பாள். செய்த செயலை மட்டும் எழுதினாலே போதுமான பெருமை கிடைக்கும். அதேபோல், எல்லாரையும் மகிழ்விக்க வேண்டும் என்று நடக்காததைச் சேர்க்கவும் கூடாது. பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு உண்மையான வரியையும் நம்பமாட்டார்கள்.

இந்தப் பதிவு எங்கே பயன்படும் என்று கேட்கலாம். கபடி அணியின் மாற்று வீராங்கனையாக இருந்த ஒரு மாணவியைப் பத்தாம் வகுப்புக்குப் பின் படிக்க அனுப்ப வீட்டில் தயங்கினார்கள். அவளைப் பற்றி வகுப்புத் தோழி எழுதியிருந்த பத்தியை அவள் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஓராண்டில் எத்தனை நாள் பயிற்சிக்கு வந்தாள், காயம்பட்ட தோழிக்கு எப்படி முதலுதவி செய்தாள் என்பதெல்லாம் அதில் இருந்தன. ‘இதெல்லாம் இவ வீட்ல சொன்னதே இல்லையே சார்’ என்றார் அந்த அம்மா. மாணவி பதினோராம் வகுப்பில் சேர்ந்தாள். அந்தப் பத்தி மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அன்று அந்த வீட்டில் பேச்சு மதிப்பெண்ணோடு நிற்கவில்லை.

அறிக்கை வாசித்து முடிந்ததும் அதன் ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் வையுங்கள். அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தம் வேலையைத் தொடங்கும்போது முதலில் புரட்டிப் பார்க்கப்போவது அதைத்தான்.