வாரத் தவணையும் ஆடிப்பட்டமும்

கும்மிடிப்பூண்டின்னா வெளியூர்க்காரங்களுக்கு சிப்காட் கம்பெனிகள்தான் ஞாபகம் வரும். அதைத் தாண்டி வந்தால், ஏரியில் தண்ணி நின்றால் நெல், இல்லாவிட்டால் வேர்க்கடலை என்று மழையைப் பார்த்து வாழ்கிற சிறு விவசாயிகள் இருக்கிறோம். எனக்கு இரண்டு ஏக்கர் மேட்டு நிலம். இயற்கை விவசாயத்துக்கு மாறிய இரண்டாம் வருடம் கடனில் நான் கற்ற பாடத்தை எழுதுகிறேன்.

ஆடிப்பட்டத்தில் கடலை போட விதைக்கும் உழவுக்கும் கையில் காசு இல்லை. ஒரு நுண்கடன் கம்பெனியில் வீட்டுக்காரம்மா பெயரில் குழுக்கடன் 30,000 ரூபாய் வாங்கினோம். வாரம் 670 ரூபாய், 50 வாரம். மொத்தம் 33,500. "நூத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்கூட வரலியே"ன்னு நினைச்சேன்.

அங்கேதான் ஏமாந்தேன். 30,000 ரூபாய் வருடம் முழுக்க நம் கையில் இருப்பதில்லை. வாரா வாரம் அசல் குறைகிறது. சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருந்தது சுமார் 15,000தான். அதற்கு 3,500 வட்டி என்றால் ஆண்டுக்குச் சுமார் 24 சதவீதம்!

வட்டியைவிடப் பெரிய சிக்கல் காலம். கடலை காய் பிடுங்க 105 நாள், அதாவது 15 வாரம். அதுவரை நிலத்திலிருந்து ஒரு பைசா வராது. ஆனால் அதற்குள் தவணையாக மட்டும் 10,050 ரூபாய் கட்டியாக வேண்டும். அந்த வருடம் பூக்கும் நேரத்தில் மழையும் பொய்த்தது. நாங்கள் கட்டாவிட்டால் குழுவில் மற்ற அக்காமார்கள் தலையில் விழும். வேறு வழியில்லாமல் கறவை மாட்டை விற்றோம். மாடு போனதும் சாணம் போச்சு, கோமியம் போச்சு, ஜீவாமிர்தமும் போச்சு. அடுத்த பட்டத்துக்கு மூட்டை உரம் வாங்க வேண்டிய நிலை. ஒரு கடன் என்னை மறுபடி ரசாயனத்துக்கே தள்ளியது.

இது புதுக் கதை இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே வட்டிக்கடையில் சிக்கிய சென்னை மாகாண உழவர்களுக்கு வழி தேடி, பிரெடரிக் நிக்கல்சன் 1895-97இல் அறிக்கை கொடுத்தார். ஜெர்மனியில் ரைஃபைசன் உருவாக்கிய கிராமக் கடன் சங்கங்களைத்தான் அவர் வழியாகக் காட்டினார். ஒருவரையொருவர் அறிந்த ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்தும் சங்கம் அது. 1904இல் கூட்டுறவுச் சட்டம் வந்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டின் முதல் வேளாண் கடன் சங்கம் தொடங்கியது எங்கே தெரியுமா? இன்று நம்ம திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிற திரூரில்!

அதனால் என் அனுபவத்தில் சொல்வது:

1. முதலில் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போங்க. பயிர்க்கடனை அறுவடைக்குப் பிறகு கட்டலாம். தவணை தேதிக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டி கிடையாது. கடனில் ஒரு பகுதியை உரமாகத் தருவது வழக்கம். நீங்கள் இயற்கை விவசாயி என்பதை முன்கூட்டியே சொல்லிப் பேசுங்க.

2. குத்தகைக்குப் பயிர் செய்பவர்கள் 4 முதல் 10 பேர் சேர்ந்து கூட்டுப் பொறுப்புக் குழுவாக வங்கியை அணுகலாம்.

3. நுண்கடன்தான் வழி என்றால், 2022 ரிசர்வ் வங்கி விதியைத் தெரிஞ்சுக்கோங்க. குடும்பத்தின் மாதத் தவணைகள் எல்லாம் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டிக் கட்டினால் அபராதமும் கிடையாது.

4. எல்லாவற்றுக்கும் மேல், கடன் தேவையையே குறைக்கணும். இப்போது விதைக்கடலையை நானே எடுத்து வைக்கிறேன். வரப்பில் துவரை, ஊடே உளுந்து போடுகிறேன். ஒன்று போனாலும் ஒன்று கை கொடுக்கும். இரண்டு வருடம் கழித்து ஒரு கிடேரி வாங்கினோம், கடன் இல்லாமல்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு தாளில் இரண்டு தேதிகளை எழுதுங்க: முதல் தவணை எந்த நாள், முதல் மூட்டை விற்கும் நாள் எது. தவணை முந்தி வந்தால், அந்தக் கடன் விவசாயத்துக்கு ஆகாது.